சாதியைத் தொழுநோய் என்று சொல்லலாமா? தொழுநோயும் தீண்டாமையும்: ஒரு வரலாற்றுப் பார்வை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் சாதனைகளைப் பட்டியலிடுவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் மூத்த தோழருக்கு அது பிடிக்காது. ஆகவே அவர் செய்த ஒரு தவற்றிலிருந்தும், அதை அவர் திருத்திக்கொண்ட விதத்திலிருந்தும் இந்த உரையைத் தொடங்குகிறோம். அந்தத் தவறு அவருடையது மட்டுமன்று. அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த நம் எல்லோருடையதும்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வன்கொடுமையைக் கண்டித்துக் கூட்டம் போட்டோம். சுவரொட்டிக்கான வாசகத்தைத் தோழர்தான் எழுதினார். 'சாதி எனும் தொழுநோயை வேரறுப்போம்' என்பது அந்த வாசகம். யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. பசைவாளியோடு இரவெல்லாம் சுற்றி ஒட்டினோம். மறுநாள் கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போட வந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். ஊருக்கு வெளியே உள்ள தொழுநோயர் குடியிருப்பிலிருந்து வந்தவர். இரண்டு கைகளிலும் விரல்கள் பாதிதான். கூட்டம் முடிந்ததும் தோழரிடம் வந்து கேட்டார்.

"ஏன் தோழர், சாதியத் திட்டறதுக்கு ஒங்களுக்கு எங்க நோவுதான் கெடச்சுதா?"

தோழர் பதில் பேசவில்லை. பெரியவரே தொடர்ந்தார். "எனக்கு நோவு வந்துச்சு. மாத்திர சாப்ட்டேன், போயிடுச்சு. எங்கிட்ட இருந்து இனிமே யாருக்கும் ஒட்டாது. சாதி அப்புடியா? நான் யாரையும் ஊர உட்டு வெரட்டல தோழர். என்னத்தான் வெரட்டினாங்க."

மறுநாள் காலையில் தோழர் தனியாகப் போய் எட்டிய இடங்களில் எல்லாம் அந்தச் சுவரொட்டியைக் கிழித்தார். நம் துண்டறிக்கைகளில் அந்த உவமை அதன் பிறகு வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நாம் முழுதாகப் பதில் சொன்னதும் இல்லை. இந்த உரை அதற்கான முயற்சி.

1. நோய் என்ன செய்கிறது, சமூகம் என்ன செய்கிறது

முதலில் மருத்துவ உண்மையைப் பார்ப்போம். நார்வே நாட்டின் பெர்கன் நகரில் 1873ஆம் ஆண்டு அர்மாவர் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். அதன் பெயர் மைக்கோபாக்டீரியம் லெப்ரே. மிக மெதுவாகப் பெருகும் கிருமி அது. ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். உடலுக்குள் நுழைந்து, நோயாக வெளியே தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகலாம். சிகிச்சை பெறாத ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கி வாழும்போது மூக்கு, வாய் வழியாக வெளியேறும் துளிகளால் பரவுகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்வதில்லை. மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே இருக்கிறது.

கிருமி தாக்குவது தோலையும் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும். தோலில் நிறம் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றும். அந்த இடத்தில் தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது. முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். காலுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் தொங்கிவிடும்.

அப்படியானால் விரல்கள் ஏன் குறைகின்றன? நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரது குழுவினரும் இந்தக் கேள்வியை நோயாளிகளின் அன்றாட வாழ்க்கைக்குள் போய் ஆராய்ந்தார்கள். வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வலி தெரியாத கால் முள் குத்தியதோடு நடந்துகொண்டே இருக்கிறது. காயம் சீழ்பிடித்து, எலும்பு அரித்து, விரல் குறுகுகிறது. சிலர் காலையில் எழும்போது விரலில் ஒரு பகுதியைக் காணவில்லை. இரவில் விழித்திருந்து கண்காணித்தபோது எலி கடிப்பது தெரிந்தது. உறங்குபவருக்கு வலிக்கவில்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விரலைத் தின்றது கிருமி அன்று. எலி நுழையும் குடிசை தின்றது. செருப்பில்லாத வேலை தின்றது. கைப்பிடித் துணி இல்லாத அடுப்படி தின்றது. நரம்பைக் கெடுத்தது நோய். ஊனத்தை முழுமையாக்கியது வறுமை. வறுமை யார் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.

2. தோலில் பாவத்தைத் தேடிய நூல்கள்

கிருமியைக் கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தோல் நோய்க்குக் காரணம் சொல்லிவிட்டவர்கள் உண்டு. மனுநூலின் 11ஆம் அத்தியாயம் முற்பிறவிப் பாவங்களுக்கும் இப்பிறவி உடல் குறைகளுக்கும் ஒரு பட்டியல் தருகிறது. பொன் திருடியவனுக்கு நகக் கோளாறு. குருவின் மனைவியோடு கூடியவனுக்குத் தோல் நோய். துணி திருடியவனுக்கு வெண்ணிறத் தோல் நோய். இந்தத் தர்க்கத்தின்படி நோயாளி என்பவர் தண்டனை அனுபவிக்கும் குற்றவாளி. அவருடைய குற்றத்துக்கு அவருடைய தோலே சாட்சி.

பிறப்பால் தாழ்ந்தவன் என்று சொல்லப்படுபவனுக்கும் இதே தர்க்கம்தான் பொருத்தப்பட்டது. முற்பிறவியில் செய்த வினையால் இந்தச் சாதியில் பிறந்தாய். முற்பிறவியில் செய்த வினையால் உனக்கு இந்தத் தோல் வந்தது. இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து வருபவை. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுநூல் எரிக்கப்பட்டபோது, அந்தத் தீயில் இந்த இரண்டாவது வாக்கியமும் சேர்ந்துதான் எரிந்தது. நாம் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

இந்து மத நூல்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. எபிரேய மறையில் லேவியராகமம் ஒருவகைத் தோல் நோய் கண்டவரைப் பாளையத்துக்குப் புறம்பே வைக்கச் சொல்கிறது. அங்கே கூறப்படும் நோய் இன்று நாம் அறிந்த தொழுநோய்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் மொழிபெயர்ப்பு வழியாக அது 'குஷ்டரோகம்' ஆகித் தமிழிலும் வந்து சேர்ந்தது. பரிசுத்தம், அசுத்தம் என்று உடல்களைப் பிரிக்கும் இடங்களில் எல்லாம் தோல் முதலில் மாட்டிக்கொள்கிறது.

சொத்துரிமையும் தப்பவில்லை. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்திய இந்துச் சட்டத்தில் கொடிய வகைத் தொழுநோய் கண்டவருக்கு வாரிசுப் பங்கு மறுக்கப்பட்டது. இத்தகைய தடைகளை நீக்க 1928இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சாத்திரம் சொன்னதை வெள்ளைக்காரர் நீதிமன்றம் தீர்ப்பாக எழுதியது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

3. கிணறும் குளமும்: 1898ஆம் ஆண்டுச் சட்டம்

1889இல் ஹவாய்த் தீவுகளில் உள்ள மொலக்காயில், தொழுநோயாளிகளோடு வாழ்ந்த பெல்ஜியப் பாதிரியார் டேமியன் அதே நோயால் இறந்தார். அந்தச் செய்தி ஐரோப்பாவை உலுக்கியது. காலனி நாடுகளிலிருந்து நோய் தங்கள் வாசலுக்கு வந்துவிடும் என்ற அச்சம் பரவியது. லண்டனில் தேசியத் தொழுநோய் நிதி தொடங்கப்பட்டது. அதன் சார்பில் ஒரு ஆணையம் 1890-91இல் இந்தியா முழுவதும் சுற்றி ஆய்வு செய்தது. நோய் பரம்பரையாக வருவதில்லை, தொற்றும் தன்மையும் குறைவு, கட்டாயமாகத் தனிமைப்படுத்துவதற்கு நியாயமில்லை என்ற முடிவுக்கு அந்த ஆணையம் வந்தது.

லண்டனில் இருந்த மேற்பார்வைக் குழுவில் பலருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. 1897இல் பெர்லினில் கூடிய முதல் உலகத் தொழுநோய் மாநாடு தனிமைப்படுத்துவதை ஆதரித்தது. அடுத்த ஆண்டே, 1898இல், இந்தியாவில் தொழுநோயாளிகள் சட்டம் வந்தது.

இந்தச் சட்டத்தை நம் மாணவர்கள் மூலத்தில் படிக்க வேண்டும். அது 'ஏழைத் தொழுநோயாளி' என்று ஒரு தனி வகையை உண்டாக்கியது. பிச்சை எடுப்பவர், பிச்சைக்காகப் புண்ணைக் காட்டுபவர், பிழைக்க வழியின்றித் திரிபவர் ஆகியோர் அதில் அடங்குவர். அப்படித் தோற்றமளிக்கும் எவரையும் பிடியாணை இல்லாமலே காவலர் கைது செய்யலாம். பின் அவரைத் தொழுநோயர் விடுதியில் அடைத்து வைக்கலாம். அதே நோய் உள்ள பணக்காரர் தம் வீட்டில் இருக்கலாம். கிருமிக்கு ஏழை பணக்காரர் தெரியாது. சட்டத்துக்குத் தெரிந்தது.

அதைவிட முக்கியம் இன்னொரு பிரிவு. அரசு அறிவிக்கும் பகுதிகளில் தொழுநோயாளிகள் உணவோ பானமோ துணியோ விற்பனைக்காகத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்யலாம். உள்ளாட்சி விதிகள் விலக்கிய பொதுக் கிணற்றிலும் குளத்திலும் அவர்கள் குளிப்பதையும், துவைப்பதையும், தண்ணீர் எடுப்பதையும் தடை செய்யலாம். ரயில் தவிர்த்த வாடகை வண்டிகளில் ஏறுவதைத் தடை செய்யலாம்.

கிணறு, குளம், சாப்பாடு, துணி, வண்டி. இந்தப் பட்டியலை நாம் எங்கேயோ படித்திருக்கிறோம். நம் பாட்டன்களுக்கு ஊர் வாய்மொழியாக வைத்திருந்த பட்டியல் இது. 1927 மார்ச் 20 அன்று மகாடின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அருந்தியது இந்தப் பட்டியலை எதிர்த்துத்தான். ஊர் எழுதாமல் வைத்திருந்த தீண்டாமையை, வேறொரு மக்களின் மீது, அரசு அச்சடித்துச் சட்டமாக்கியது. தண்ணீரால் பரவாத நோய்க்குத் தண்ணீரை மறுக்கும் எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும்? மருத்துவத்திலிருந்து வந்திருக்க முடியாது. தீட்டைப் பற்றி இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த பழக்கமும் ஐரோப்பிய அச்சமும் இங்கே கைகோத்தன என்பதே நம் வாசிப்பு.

4. 1955 என்ற ஆண்டு

மருந்து வந்தது. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1941இல் புரோமின் என்ற சல்ஃபோன் மருந்து பலன் தந்தது. அதன் வழியில் டாப்சோன் வந்தது. நம் செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் இந்த மருந்தை மிகத் தொடக்க காலத்திலேயே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர். அதுவரை மரவட்டை எண்ணெயை ஊசியில் ஏற்றிக்கொண்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு, பெரிதாகக் குணம் காணாமல் கிடந்தவர்களுக்கு முதல் முறையாக நம்பிக்கை பிறந்தது. அதாவது, நாடு விடுதலை அடைந்த காலத்திலேயே தொழுநோய் சிகிச்சைக்குரிய நோயாகிவிட்டது.

இப்போது 1955ஐப் பாருங்கள். திருமணி மருத்துவமனை மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமானது அந்த ஆண்டு. வேலூர் அருகே கரிகிரியில் ஆராய்ச்சி மையம் தொடங்கியது அந்த ஆண்டு. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் அந்த ஆண்டுதான்.

அதே 1955 மே 18 அன்று இந்துத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கணவனுக்கோ மனைவிக்கோ கொடிய, தீராத வகைத் தொழுநோய் இருந்தால் மணவிலக்குப் பெறலாம் என்றது அந்தச் சட்டம். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 1 அன்று, தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொதுக் கிணற்றை மறுப்பது குற்றம், கடையை மறுப்பது குற்றம், பொது வண்டியை மறுப்பது குற்றம் என்றது. அதே நேரத்தில் 1898ஆம் ஆண்டுச் சட்டமும் உயிரோடு இருந்தது. ஒரு சட்டம் கிணற்றை மறுப்பவனைத் தண்டித்தது. இன்னொரு சட்டம் கிணற்றை மறுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. இரண்டும் ஒரே அலமாரியில் அருகருகே இருந்தன.

அந்த அலமாரியிலிருந்து 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான். 118 ஆண்டுகள். தனிநபர் சட்டங்களில் மணவிலக்குக் காரணமாகத் தொழுநோய் இருந்ததை நாடாளுமன்றம் நீக்கியது 2019இல். இடையில் 2008இல், தொழுநோயைக் காரணம் காட்டி நகராட்சி உறுப்பினர் ஒருவரைத் தகுதியிழக்கச் செய்த ஒடிசா நகராட்சிச் சட்டப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகிய மூன்றையும் 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும். சிகிச்சை தொடங்கியவுடனேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடுகிறது. ஆக, கிருமியைக் கொல்ல 12 மாதம் போதும். சட்டத்திலிருந்து நோயின் பெயரை எடுக்க 38 ஆண்டுகள் தேவைப்பட்டன.

2005 டிசம்பரில் இந்தியா தொழுநோயை 'ஒழித்துவிட்டதாக' அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற கணக்கின்படி வந்த அறிவிப்பு அது. ஆனால் 2023இல் உலகில் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1,82,000 புதிய நோயாளிகளில் 1,07,000 பேருக்கு மேல் இந்தியாவில் இருந்தார்கள். பாதிக்கும் மேல். ஒழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டபின் அதைத் தேடிப் போவது குறைகிறது. தீண்டாமை 1950லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது என்று நம்மிடம் சொல்பவர்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

5. காலனி

வரலாற்றிலிருந்து மீண்டும் பெரியவரிடம் வருவோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு தோழரும் நாங்களும் அவரது குடியிருப்புக்குப் பலமுறை போனோம். இந்தியாவில் இப்படிப்பட்ட குடியிருப்புகள் 700-க்கும் மேல் இருக்கின்றன. சிகிச்சை முடிந்து ஊர் திரும்ப முடியாதவர்களும், திரும்பி மீண்டும் விரட்டப்பட்டவர்களும் புறம்போக்கில் குடிசை போட்டு உருவாக்கியவை பல. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்று நோய் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனாலும் விலாசம் சொன்னால் வேலை கிடைப்பதில்லை, பெண் கொடுப்பதில்லை.

அந்தக் குடியிருப்பை ஊர்க்காரர்கள் எப்படிக் குறிப்பிடுகிறார்கள்? 'காலனி'. நம் சேரியை எப்படிக் குறிப்பிடுகிறார்கள்? அதுவும் 'காலனி'. பேருந்தில் "காலனிக்கு ஒரு டிக்கெட்" என்றால் நடத்துநரின் முகம் மாறுவதை இரண்டு காலனிக்காரர்களும் அறிவோம். 2025 ஏப்ரலில், காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாம் வரவேற்றோம். சொல் ஒரு அடையாளக் குறி, அது வசையாகிவிட்டது என்று வாதிட்டோம். நம்மைச் சுட்டும் சொல் வசையாவது நமக்கு வலிக்கிறது. அடுத்த காலனிக்காரரின் நோய் வசையாவது மட்டும் ஏன் வலிக்கவில்லை?

பெரியவர் சொன்ன இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் அந்தக் குடியிருப்புக்கு முதன்முதலாக வந்த அன்று பக்கத்துக் குடிசைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "நீ எந்தாளுங்க?" ஊர் இருவரையும் விரட்டியிருந்தது. இருவரின் விரல்களும் ஒரே மாதிரி மடங்கியிருந்தன. இருந்தும் கேள்வி வந்தது. "அப்புறம் வருசம் போகப் போக ஒண்ணா பொங்கித் துன்னோம். எம் மவளுக்கும் அவர் மவனுக்கும்தான் கல்யாணம் பண்ணோம்" என்று சிரித்தார். நோய் பத்து, பதினைந்து ஆண்டில் சாதியைக் கரைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மாத்திரையால் நோய் போனது. சாதி தானாகப் போகவில்லை. ஒன்றாகப் பொங்குவது என்று இரண்டு குடும்பங்கள் முடிவெடுத்ததால் அங்கே போனது.

அவர் காலில் கறுப்பு நிற எம்.சி.ஆர். செருப்பு இருக்கும். உணர்ச்சியற்ற பாதம் புண்ணாகாமல் இருக்க மிருதுவான ரப்பரில் செய்து மருத்துவமனையில் கொடுப்பது. காலைக் காக்கும் செருப்பு அது. ஆனால் தேநீர்க் கடையில் அந்தச் செருப்பைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்துகொள்வார். "ஒங்காளுங்களுக்குச் செருப்புப் போடக் கூடாதுன்னான். எங்களுக்கு இந்தச் செருப்புப் போட்டா ஒக்காரக் கூடாதுன்றான்" என்றார் ஒருமுறை.

6. நம் முகாமுக்குள்ளே

பகுத்தறிவு முகாமும் இந்தச் சொல்லிலிருந்து தப்பவில்லை. 1954இல் வெளிவந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம், நடிகவேள் எம்.ஆர். ராதாவின் நடிப்பு. மூடநம்பிக்கையையும் போலி கௌரவத்தையும் அது கிழித்தது. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கதையின் அச்சாணி எது? ஒழுக்கம் கெட்ட பணக்காரனுக்குத் தொழுநோய் வருகிறது. அவன் தோல் அவன் செய்த தவறுகளுக்குச் சாட்சியாகிறது. தொழுநோய் பாலுறவால் பரவும் நோய் அன்று, எந்த ஒழுக்கத்துக்கும் கிடைக்கும் கூலியும் அன்று. கர்மவினையை எதிர்த்த மேடையில் கர்மவினை வேறு வேடத்தில் ஏறிவிட்டது. அந்தக் கலைஞர்கள் மீது குற்றம் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பழைய சொற்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். விலக்கப்பட்டவர் என்று சொல்ல அந்த மொழி இரண்டு சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. ஒன்று 'லெப்பர்'. மற்றது 'பரையா'. இரண்டாவது நம்மிடமிருந்து போனது. பறையர் என்ற நம் மக்களின் பெயர் உலகச் செய்தித்தாள்களில் வசையாக அச்சாகிறது. 1948இல் ஹவானாவில் கூடிய உலகத் தொழுநோய் மாநாடு 'லெப்பர்' என்ற சொல்லைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளும் அதையே வலியுறுத்தின. 'பரையா' பற்றி அப்படி ஒரு மாநாடு கூடவில்லை. கூட்ட வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் அடுத்தவர் பெயரை வசையாக்கிக்கொண்டே அதைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்காது.

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். 'சாதி ஒழிப்பு' நூலின் 1937 இரண்டாம் பதிப்பு முன்னுரையில் அம்பேத்கரே இந்துக்களை இந்தியாவின் நோயாளிகள் என்றாரே, அது என்ன? நியாயமான கேள்வி. அண்ணல் அங்கே நோய் என்ற பொதுச் சொல்லைத்தான் எடுத்தார். எந்த நோயாளி மக்களின் பெயரையும் எடுத்து வசையாக்கவில்லை. நோயாளி என்று அவர் சுட்டியது ஒடுக்கியவர்களைத்தான். அத்தோடு நிற்கவும் இல்லை. சாதி என்பது மனத்தில் உள்ள ஒரு கருத்து, அதற்குச் சாத்திரங்களின் புனிதம் அடித்தளம், அந்தப் புனிதத்தைத் தகர்க்க வேண்டும் என்று இடத்தைக் காட்டி, காரணத்தைக் காட்டி, செய்ய வேண்டியதையும் சொன்னார். உவமையோடு நின்றவர்கள் நாம்தான்.

அந்த உவமையில் உள்ள பெரிய பிழை இதுதான். நோய் யாருக்கும் வரலாம். வந்தவர் மேல் குற்றமில்லை. அவருக்குத் தேவை மருந்தும் பரிவும். சாதியைத் தொழுநோய் என்று சொல்லும்போது, ஆணவக் கொலை செய்தவன் நோயாளியாகிவிடுகிறான். குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தவன் ஏதோ கிருமியால் பாதிக்கப்பட்ட அப்பாவியாகிவிடுகிறான். இரட்டைக் குவளை வைத்திருப்பவன் அதைத் தெரிந்தே வைத்திருக்கிறான். லாபம் இருப்பதால் வைத்திருக்கிறான். அவனுக்குத் தேவை மருந்துச் சீட்டு இல்லை, வழக்கு. நம் உவமை ஒரே நேரத்தில் நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது, குற்றவாளியை நோயாளியாக்குகிறது.

இன்னொரு ஆசையும் எழுத்தாளர்களுக்கு வரும். தொட்டால் உணராத தோல், சாதிச் சமூகத்துக்கு எவ்வளவு பொருத்தமான படிமம் என்று தோன்றும். நாமும் அப்படி எழுதியிருக்கிறோம். எலி கடித்தது தெரியாமல் உறங்கிய மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் உணராதது தம் வலியை. சாதி வெறியர் உணர மறுப்பது அடுத்தவர் வலியை. இரண்டும் ஒன்றில்லை.

7. சொல்லை மாற்ற முடியும்

சொல்லால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரை நினைவூட்டுகிறோம். அவர் சித்த மருத்துவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். பகலில் நாடி பிடித்த கை அது. அதே கைதான் நம்மைச் சுட்டிய சொற்களின் வேரைத் தோண்டி எடுத்தது. உடலுக்கு மருத்துவம் பார்ப்பதும் சொல்லுக்கு மருத்துவம் பார்ப்பதும் அவருக்கு வேறு வேறு வேலையாக இருந்ததாகத் தெரியவில்லை.

நம் கண் முன்னாலேயே ஒரு சொல் மாறியிருக்கிறது. தோலில் நிறமி குறைவதால் வரும் வெள்ளைத் திட்டுகளை 'வெண்குஷ்டம்' என்று சொல்லிவந்தோம். அதற்கும் தொழுநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிருமி இல்லை, தொற்று இல்லை, உணர்ச்சி இழப்பும் இல்லை. பெயரில் ஒட்டியிருந்த 'குஷ்டம்' ஒன்றே எத்தனையோ பெண்களின் திருமணத்தை நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து பேசினார்கள். இன்று 'வெண்புள்ளி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வெண்புள்ளியைத் தொழுநோயிலிருந்து பிரித்துக் காப்பாற்றுவதோடு வேலை முடியவில்லை. 'அது தொழுநோய் இல்லை, பயப்படாதீர்கள்' என்று சொல்லும்போது, தொழுநோய் என்றால் பயப்படலாம் என்றும் சொல்லிவிடுகிறோம்.

ஆகவே சில வேலைகளை முன்வைக்கிறோம். நம் மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் கவிதைகளிலும் தொழுநோய், குஷ்டம், புற்று என்று எந்த நோயாளியின் பெயராலும் சாதியைத் திட்டுவதை நிறுத்துவோம். சாதியைச் சாதி என்றே சொல்வோம். அந்தச் சொல்லுக்கு வேறு வசை தேவையில்லை. நம் தெருக்களில் உணர்ச்சியற்ற தேமல் யாருக்கேனும் இருந்தால் மறைக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். மருந்து இலவசம். தாமதமானால்தான் ஊனம். புதிய நோயாளிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று அரசுத் திட்ட அறிக்கைகள் தனியே கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கை மாவட்ட வாரியாகக் கேட்டு வாங்கிப் படிக்க நம் மாணவர்கள் முன்வர வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்காக அலையும் பெரியவர்களோடு ஒருவர் துணைக்குப் போனாலே பாதி வேலை முடியும்.

தோழர் சுவரொட்டியைக் கிழித்த நாளில் அவரோடு போனவர்கள் சொல்வார்கள். மேம்பாலத்தின் கீழே கைக்கெட்டாத உயரத்தில் ஒன்று மிச்சமிருந்ததாம். ஏணி கிடைக்கவில்லை. பெரியவர் எங்கிருந்தோ ஒரு தொரட்டியோடு வந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதை இறுக்கிப் பிடித்து, தாமே இழுத்துக் கிழித்தாராம். பிறகு தோழரைப் பார்த்து, "வாங்க தோழர், டீ சாப்டலாம்" என்றாராம்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்தார்கள். நம் தோழரை அந்தப் பெஞ்சில் வைத்தே நினைவுகூர விரும்புகிறோம்.

ஜெய்பீம்.